பதினோராம் இணையில் மாறிய ஓர் எழுத்து

மனித உடலில் உட்கரு உள்ள உயிரணுக்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள், 23 இணைகளாக அமைந்திருக்கின்றன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய்வழி வந்தது, மற்றொன்று தந்தைவழி வந்தது. சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது இவை அழுத்தமான நிறத்துடன் தெரிந்ததால், நிறமுள்ள உடல் என்னும் பொருள்பட வால்டையர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1888இல் இவற்றுக்குக் குரோமோசோம் எனப் பெயரிட்டார். நிறமூர்த்தம் என்னும் இலங்கைத் தமிழ் வழக்கு அப்பொருளை அழகாகவே காத்து வருகிறது. இவற்றின் எண்ணிக்கை 48 என்றே நெடுங்காலம் நம்பப்பட்டு, 1956இல்தான் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் சியோ, ஆல்பர்ட் லெவான் ஆகிய இருவரும் 46 என வெளிப்படுத்தினர்.

பாட்டியின் சாயல் பேத்திக்கு வந்திருக்கிறது என்று வீடுகளில் சொல்வது வழக்கமாயினும், தலைமுறை தாண்டிக் கைமாறுபவை குரோமோசோம்களில் வரிசையாக அமைந்த மரபணுக்களே ஆகும். மரபணு என்பது உடல் ஒரு குறிப்பிட்ட புரதத்தை ஆக்குவதற்கான குறிப்பைத் தாங்கிய டி.என்.ஏ. பகுதி, அக்குறிப்பு நான்கே வேதி எழுத்துகளால் ஆனது. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்று மட்டுமே அதனுள் செல்கிறது. எது செல்லும் என்பது முற்றிலும் தற்செயலானது. இந்தத் தேர்வில் மட்டும் 83,88,608 வகைச் சேர்க்கைகளுக்கு இடமுண்டு என்பதால், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒருவரைப் போல் ஒருவர் இல்லாதிருப்பதில் வியப்பில்லை.

நிறமும் உயரமும் பல மரபணுக்களின் கூட்டு விளைவுகள் ஆதலால் அவற்றின் வழியைப் பின்தொடர்வது கடினம். ஒரே மரபணுவால் விளையும் அரிவாள் செல் ரத்தசோகையோ மரபுக் கடத்தலைத் தெளிவாகக் காட்டுகிறது. பதினோராம் இணைக் குரோமோசோமில், ரத்தச் சிவப்பணுவில் நிறைந்து ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் ஒரு பகுதிக்கான மரபணு உள்ளது. அதில் ஓர் எழுத்து மாறிவிட்டால், குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் என்னும் வேறோர் அமினோ அமிலம் அமர்ந்துவிடுகிறது. அவ்வாறு மாறிய ஹீமோகுளோபின், ஆக்சிஜனை இழந்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, வட்டமான அணுவைக் கதிர் அரிவாள் போல் வளைத்துவிடுகிறது. வளைந்து விறைத்த அணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைக்கும்போது எலும்பிலும் மார்பிலும் தாங்க முடியாத வலி எழுகிறது. இயல்பாக 120 நாள் வாழும் சிவப்பணு சில வாரங்களுக்குள்ளேயே அழிந்துபோவதால் ரத்தசோகையும் நீங்குவதில்லை.

மாறிய மரபணு இணையின் ஒரு குரோமோசோமில் மட்டும் இருந்தால், மற்றதில் உள்ள நல்ல மரபணு பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது. இத்தகையோர் தாங்கிகள் எனப்படுகின்றனர், அவர்கள் நோயாளிகள் அல்லர். தாங்கிகளான இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பும், தாங்கியாவதற்கு நான்கில் இரண்டும், இரண்டுமின்றிப் பிறப்பதற்கு நான்கில் ஒன்றும் உண்டு. முதல் குழந்தை நோயுடன் பிறந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் எனக் கருதுவது துயரம் தரும் பிழை. ஒவ்வொரு கருத்தரிப்பிலும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது. இந்நோய்க்குத் தாய்க்கும் தந்தைக்கும் சம பங்கு இருக்க, பிறந்த வீட்டுக் குறை எனப் பெண்ணை மட்டும் பழிப்பது அறிவியலுக்கும் நியாயத்துக்கும் புறம்பானது.

ஆப்பிரிக்க வழியினருக்கு மட்டுமே உரியதெனக் கருதப்பட்ட இம்மாற்றம் நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் இருப்பதை, 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகியோர் ரத்தப் பரிசோதனை வழியே காட்டினர். தீங்கான மரபணு ஒன்று இத்தனை தலைமுறைகளாக ஏன் அழியவில்லை என்னும் வினாவுக்கு, 1954இல் அந்தோணி அல்லிசன் ஆப்பிரிக்க ஆய்வுகளிலிருந்து விடை தந்தார்: தாங்கிகளைக் கடுமையான மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை. காய்ச்சல் மிகுந்த காட்டுப்பகுதிகளில் குழந்தைகளைக் காத்த அதே எழுத்து மாற்றம், இரு பக்கமிருந்தும் சேர்ந்து வந்தபோது உயிருக்கே கேடாயிற்று. சிறிய சமூகத்துக்குள்ளேயே மணவுறவு அமையும்போது அவ்வாறு சேர்ந்து வரும் வாய்ப்பு கூடுகிறது.

இன்று எளிய ரத்தப் பரிசோதனையால் தாங்கிகளை அறிய முடிகிறது. ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்து வலித்தாக்குதல்களைக் குறைக்கிறது. 2047க்குள் இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாமல் ஆக்கும் நோக்குடன், இந்திய அரசு 2023இல் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கிப் பழங்குடிப் பகுதிகளில் பரிசோதனை நடத்தி வருகிறது. ஆனால் பரிசோதனை முடிவைக் கையில் கொடுப்பதோடு நின்றுவிட்டால், தாங்கி என்ற சொல்லே ஓர் இளைஞருக்கோ பெண்ணுக்கோ திருமணத் தடையாகிவிடக்கூடும். அதன் பொருளை அவரவர் மொழியில், உற்றாரும் கேட்க, பொறுமையாக விளக்குவது மருத்துவத்தின் பாதி வேலை. தாங்கியான ஒருவர், இயல்பான மரபணுவை இரு குரோமோசோம்களிலும் உடையவரை மணந்தால், அவர்களுடைய குழந்தைகளுள் சிலர் தாங்கிகளாக இருக்கலாமே தவிர, எவருக்கும் இந்நோய் வருவதில்லை.