வண்டியும் வழியும் – 14: கொல்லிமலைக்கு 47 குதிரைகள்

போன வாரம் 150 சிசி வண்டிகளைப் பற்றி எழுதியதும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: “அடுத்த கட்டத்துக்குப் போகலாம்னு இருக்கேன். 650 எடுக்கலாமா?” 650 என்று நம் ஊரில் யாராவது மொட்டையாகச் சொன்னால், பெரும்பாலும் மனசில் இருப்பது ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர். ஆகவே இந்த வாரம் அதில்தான் சவாரி.

அதற்கு முன்னால் ஒரு எண்ணைப் பேசிவிடலாம். இந்த வண்டியின் பவர் 47 பி.ஹெச்.பி. 648 சிசி-யையும் இரண்டு சிலிண்டரையும் வைத்துக்கொண்டு இவ்வளவுதானா என்று கேட்காதவர்கள் குறைவு. 373 சிசி-யில் ஒற்றைச் சிலிண்டரோடு வந்த பழைய கே.டி.எம் 390 டியூக்கே 43-ஐ ஒட்டித் தந்தது. கணக்குப் பார்த்து வண்டி வாங்குகிறவருக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

இந்த 47 தற்செயலாக விழுந்த எண் இல்லை. ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் படிப்படியாகத்தான் கிடைக்கும். ‘ஏ2’ என்ற நடுப்படியில் இருப்பவர் 35 கிலோவாட்டுக்கு மேல் பவர் உள்ள வண்டியைத் தொடக்கூடாது. 35 கிலோவாட் என்பது ஏறக்குறைய 47 பி.ஹெச்.பி. பிரிட்டனில் அந்த நடுப்படிக்கே 19 வயது ஆக வேண்டும். அங்கே விற்பதையும் மனதில் வைத்துக் கட்டப்பட்ட வண்டி இது. நம் ஊரில் அந்தத் தொல்லையே கிடையாது. 18 வயதாகி, கியர் வண்டி லைசென்ஸ் ஒன்று வாங்கிவிட்டால் 100 சிசி-யும் ஓட்டலாம், 1,000 சிசி-யும் ஓட்டலாம். இது சரியில்லை என்பது என் கட்சி. அதைத் தனியாக ஒரு வாரம் பேசுவோம். இப்போதைக்குச் சொல்ல வந்தது வேறு: எங்கேயோ போட்ட அந்தச் சட்டம், அதைப் பற்றிக் கவலையே படாத நம் சாலைகளுக்கு நல்லதைச் செய்திருக்கிறது.

உச்சியில் பவர் ஏற வழியில்லை என்றால், 648 சிசி-யைக் கொண்டு என்ன செய்வது? கீழே இழுக்க வைக்கலாம். அதிகபட்ச டார்க் 52 நியூட்டன் மீட்டர். அதில் 80 சதவீதம் 2,500 சுற்றிலேயே வந்துவிடும் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. ஓட்டிப் பார்த்தால் அது விளம்பரப் பேச்சாகத் தெரியவில்லை. நான்காவது கியரில் 40 கி.மீ வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முறுக்கினால், கியரைக் குறைக்கச் சொல்லி எஞ்சின் முரண்டு பிடிப்பதில்லை. முனகலும் இல்லை, உதறலும் இல்லை, அப்படியே எடுக்கிறது. எருமை, ஷேர் ஆட்டோ, திடீர் வேகத்தடை என்று நிமிடத்துக்கு நாலு தரம் வேகம் குறைக்கிற நாட்டில் 7,000 சுற்றில் கிடைக்கும் பவரை யார் பார்த்தார்கள்?

சென்னையிலிருந்து கிளம்பும்போது இந்த வண்டி மேல் எனக்கு இவ்வளவு மரியாதை இல்லை. பெட்ரோலோடு சேர்த்து 218 கிலோ. ஸ்டாண்டை எடுத்து, பின்னுக்குத் தள்ளித் திருப்பும்போதே இடுப்பு கணக்குக் கேட்கிறது. பெருங்களத்தூர் நெரிசலில் இன்னொரு தொந்தரவு. சிக்னலில் காலை ஊன்றினால் ஃபுட்ரெஸ்ட் சரியாகக் கெண்டைக்காலில் வந்து இடிக்கிறது. கால் ஊன்றும் இடமும் ஃபுட்ரெஸ்ட் இருக்கும் இடமும் ஒன்றாக அமைந்துவிட்டது. உயரம் குறைந்தவருக்கு இடி இன்னும் அதிகம். போதாததற்கு எஞ்சின் சூடு. காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் எஞ்சின், ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது. வண்டி ஓடினால்தான் காற்று. நிற்கும் டிராஃபிக்கில், அதுவும் மே மாதத்தில், பேன்ட்டைத் தாண்டி அனல் தெரியும்.

இவ்வளவையும் மறக்கடிப்பது கிளட்ச். 52 நியூட்டன் மீட்டரைப் பிடித்து நிறுத்தும் கிளட்ச் இவ்வளவு லேசாக இருக்கும் என்று லீவரைப் பிடிக்கும் வரை நம்ப முடியாது. பழைய புல்லட்டின் கிளட்சைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கியவர்கள் இதைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கியரும் ஆறு. ‘ஃபால்ஸ் நியூட்ரல்’ என்று எந்தக் கியரிலும் சேராமல் தொங்கும் அந்தப் பழைய வியாதி கண்ணில் படவில்லை.

செங்கல்பட்டு தாண்டியதும் கனம் காணாமல் போகிறது. ஆறாவது கியரில் 100 கி.மீ வேகம் என்றால் எஞ்சின் 4,000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். 80-ல் இன்னும் கீழே. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வேக வரம்பில் நால்வழிச் சாலையில் இரு சக்கர வண்டிக்கு 80-தான். இந்த வண்டிக்கு 80 ஒரு வேலையே இல்லை. 160-ஐத் தாண்டும் எஞ்சின் பாதித் தூக்கத்தில் ஓடுவதால்தான் விழுப்புரம் வரை போயும் கை மரத்துப் போகவில்லை. 150 சிசி வண்டியில் இதே தூரம் போனால், இறங்கியபின் உள்ளங்கையில் ஒரு குறுகுறுப்பு நெடுநேரம் இருக்கும்.

இதற்குக் காரணம் எஞ்சினுக்குள்ளே இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதிர்வு பற்களில் தெரியும். இன்டர்செப்டரில் கிராங்க்கை 270 டிகிரியில் அமைத்திருக்கிறார்கள். ஒரு பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மற்றது பாதி வழியில் இருக்கும். ஒன்று நிற்கிற நேரத்தில் மற்றது வேகத்தில் இருப்பதால் இரண்டும் சேர்ந்து உதறுவதில்லை. மிச்சம் மீதி அதிர்வைத் தணிக்க ஒரு பேலன்சர் தண்டும் உண்டு. எரிதலும் சம இடைவெளியில் வராது: 270 டிகிரியில் ஒன்று, அடுத்தது 450 டிகிரி கழித்து. சைலன்சரில் கேட்கும் அந்த நொண்டி அடிக்கும் தாளம் இதிலிருந்து வருவதுதான். யமஹா 1995-ல் டி.ஆர்.எக்ஸ் 850-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. இன்று நடுத்தர இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் பலவும் இதையே பின்பற்றுகின்றன.

பெயர் மட்டும் பழசு. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு 1960-களில் அமெரிக்கச் சந்தையைக் குறிவைத்து இன்டர்செப்டரை விற்றது, 736 சிசி. 1970-ல் அது நின்றது, தாய்க் கம்பெனியும் மூடப்பட்டது. அதற்கு முன்பே 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து இங்கே தொடங்கிய கிளைதான் திருவொற்றியூரில் புல்லட்டைச் செய்து செய்து பெயரைக் காப்பாற்றியது. 2017 நவம்பரில் மிலன் கண்காட்சியில் புது இன்டர்செப்டரைக் காட்டினார்கள். மறு வருடம் நவம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது, எக்ஸ்-ஷோரூம் 2.50 லட்சம். அந்த விலைக்கு இரட்டைச் சிலிண்டர் 650 உலகத்தில் வேறு எங்கும் கிடையாது என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட வாய் பிளந்தன. சேஸிஸில் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸின் கை இருக்கிறது. ரேஸ் வண்டிகளுக்கு சேஸிஸ் செய்து பேர் வாங்கிய பிரிட்டிஷ் பட்டறை அது. 2015-ல் ராயல் என்ஃபீல்டு அதை வாங்கியது.

சேஸிஸ் எப்படி என்று பார்க்க நெடுஞ்சாலை உதவாது. அதனால் ஆத்தூரில் பிரிந்து, நாமகிரிப்பேட்டை, ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாக காரவள்ளி. கொல்லிமலையின் அடிவாரம். மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள்.

அடிவாரத்து டீக்கடையில் பெஞ்சில் இருந்த பெரியவர் வண்டியைச் சுற்றி வந்தார்.

“தம்பி, இது புல்லட்டுங்களா? டுப்பு டுப்புன்னு சத்தத்தையே காணோம்?”

“அதே கம்பெனிதானுங்க ஐயா. இதுல ரெண்டு சிலிண்டர்.”

“அப்படின்னா ரெண்டு பங்கு பெட்ரோல் குடிக்குமே!”

அப்படிக் குடிப்பதில்லை. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் லிட்டருக்கு 25-ஐ ஒட்டிக் கொடுக்கிறது. ஆனால் டேங்க் 13.7 லிட்டர்தான். 300 கி.மீ தாண்டும் முன்பே பங்க்கைத் தேட வேண்டும்.

இனி வளைவுகள். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். அதனால் ஏறும்போது வலது வளைவில் இடம் தாராளம். இடது வளைவில் உள்பக்கமாக ஒட்டித் திரும்பியாக வேண்டும். அங்கே சாலை திரும்புவதோடு செங்குத்தாக எழும்பவும் செய்யும். சின்ன வண்டி என்றால் முதல் கியருக்கு இறக்கி, அலறவிட்டு, வளைவு முடிந்ததும் இரண்டாவதுக்கு மாற்ற வேண்டும். எழுபது முறை. இன்டர்செப்டரை இரண்டாவதில் போட்டால் அதிலேயே விட்டுவிடலாம். இடது வளைவின் நடுவில், ஏறக்குறைய நின்றுவிட்ட வேகத்தில், ஆக்சிலரேட்டரை ஒரு இழை திறந்தால் பின் சக்கரம் சாலையைப் பிடித்துத் தள்ளுகிறது. அந்த ஒரு இழைதான் முக்கியம். எடுத்த எடுப்பில் பாயும் எஞ்சின் என்றால் முன் சக்கரம் எதிர்ப்பக்கம் போய்விடும். இங்கே கை எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் வருகிறது. அகலமான ஹேண்டில்பாரும் 18 அங்குலச் சக்கரங்களும் சேர்ந்து 218 கிலோவைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் உதவுகின்றன.

முப்பதாவது வளைவைத் தாண்டி ஓர் இடது வளைவில் மேலிருந்து பேருந்து. ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி என்பது மலைப்பாதை விதி. பேருந்தின் நீளத்துக்கு அந்த விதி தெரியாது, மொத்தச் சாலையையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். சரிவில், வளைவின் உள்பக்கம், ஓரத்து மண்ணை ஒட்டி நிற்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் கனம் மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. பிரேக்கை விட்டால் பின்னால் உருளும். கால் எட்டாவிட்டால் சாயும். சீட் உயரம் 804 மில்லிமீட்டர் என்பதால் இரண்டு காலும் ஊன்றி நின்றேன். பேருந்து போனபின் கிளட்சை மெல்ல விட்டதும், வண்டி உறுமாமல் கிளம்பிவிட்டது. பலகைகளில் எண் ஏற ஏற, ஓரத்தில் மிளகுக் கொடிகளும் பலா மரங்களும். சோளக்காடு வரும்போது கையில் களைப்பே இல்லை.

இறக்கம் வேறு கதை. முன்னால் 320 மில்லிமீட்டரில் ஒற்றை டிஸ்க், ஏ.பி.எஸ் உண்டு. பிடித்த பிடிக்கு நிற்கிறது. ஆனால் இந்தக் கனத்தை எழுபது வளைவுக்கும் பிரேக்கை நம்பியே இறக்கினால் பிரேக் சூடாகும். இரண்டாவது கியரில் விட்டு ஆக்சிலரேட்டரை மூடினால் எஞ்சினே முக்கால் வேலையைச் செய்கிறது. அவசரத்தில் கியரைக் குறைத்தாலும் ஸ்லிப்பர் கிளட்ச் பின் சக்கரத்தைத் துள்ளவிடாது. மழைக்காலத்தில் போகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். வளைவுகளின் நடுவே பேருந்துகள் சிந்திய டீசலும் ஈர இலையும் கிடக்கும், அதன்மேல் பிரேக் பிடிக்கவே கூடாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பின் ஷாக் அப்சார்பர் கெட்டி. பேட்ச் ஒர்க் போட்ட சாலையில் ஒவ்வொரு ஒட்டும் முதுகில் எண்ணிக்கை சொல்லும். சீட் பார்க்க அழகு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் மெத்தை மறைந்து பலகை தெரியும். பின்னால் உட்கார்ந்து வந்த நண்பர் உளுந்தூர்பேட்டையிலேயே “சீட்டா இது, கட்டைப்பா” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஸ்போக் வீல் மாடலில் ட்யூப் டயர். மலையில் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும், ஊசி குத்தி ஒட்டுகிற வேலை நடக்காது. 2023-லிருந்து அலாய் வீலும் ட்யூப்லெஸ் டயரும் உள்ள மாடல்கள் கிடைக்கின்றன. அழகை விட்டுவிட்டு அதை எடுங்கள்.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேலே செஸ்ஸோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆக ஏறியது. 349 சிசி புல்லட்டுக்கும் இதற்கும் நடுவே வரியில் மட்டும் 22 சதவீத இடைவெளி. மூன்று லட்சத்துக்கு மேல் எக்ஸ்-ஷோரூம், அப்புறம் சாலை வரி, இன்ஷூரன்ஸ். 350-க்கு மேலே எல்லாமே ஆடம்பரம் என்று அரசு கோடு போட்டுவிட்டது. ஒரகடத்திலும் வல்லத்திலும் நம் ஊர்க்காரர்கள் செய்கிற வண்டிக்கு இந்தக் கோடு நியாயமில்லை. வரி குறையும் வரை காத்திருக்கச் சொல்லவும் மாட்டேன், குறையும் என்று தோன்றவில்லை.

என் தீர்ப்பு இதுதான். தினமும் அலுவலகத்துக்கு நகர நெரிசலில் போக மட்டும் என்றால் வேண்டாம். 350 போதும், முட்டியும் பர்ஸும் பிழைக்கும். மாதம் ஒருமுறையாவது ஊர் தாண்டிப் போகிறவர், மலை ஏறுகிறவர், வேகத்தைவிட இழுவை முக்கியம் என்று நினைப்பவர் தாராளமாக எடுக்கலாம். ஆனால் ஷோரூம்காரர் காலியான சர்வீஸ் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் ஓட்டக் கொடுத்தால் அதோடு திருப்தி அடையாதீர்கள். காலை ஒன்பதரை மணிக்குப் போங்கள். நிஜ டிராஃபிக்கில் அரை மணி நேரம் கேளுங்கள், ஒரு மேம்பாலச் சரிவில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். வீட்டில் வழக்கமாகப் பின்னால் உட்காருகிறவரையும் கூட்டிக்கொண்டு போய், அட்வான்ஸ் கொடுக்கும் முன் அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.