வெசாக் வீதியில் ஒரு முஸ்லிம் குரல்

வெசாக் நாட்களில் நம் நாட்டு வீதிகளில் ஒலிக்கும் பழைய பௌத்த பக்திப் பாடல்கள் பலவற்றைப் பாடியவர் ஒரு முஸ்லிம். பெயர் மொஹிதீன் பேக். 1919இல் தமிழ்நாட்டின் சேலத்தில் பிறந்து, இளமையிலேயே இலங்கைக்கு வந்தவர். இசை கேட்பது பற்றி நம்மிடையே வெவ்வேறு கருத்துகள் உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. இசை ஒரு பாலம் என்று அடிக்கடி சொல்கிறோமே, அது எப்படி அமைகிறது, எவ்வளவு பாரம் தாங்கும் என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொரொந்துவ’ 1947இல் வெளியானது. அது மதுரையில் தயாரானது. தயாரிப்பாளர் எஸ். எம். நாயகம் ஒரு தமிழர். இசையமைத்தவர் நாராயண ஐயர். கதாநாயகி ருக்மணி தேவி ஒரு கிறிஸ்தவர். அதே ஆண்டு வந்த ‘அசோகமாலா’வுக்கு இசையமைத்தவர் முஹம்மத் கௌஸ். அதில் பேக் பாடினார். பின்னர் அமரதேவ எனப் புகழ்பெற்ற அல்பர்ட் பெரேராவும் அதில் பாடினார். சிங்களத் திரையிசையின் அத்திவாரத்தில் எல்லோருடைய கையும் இருக்கிறது.

மறுபக்கமும் பார்க்கலாம். போர்த்துக்கேயர் வழியாக வந்த பைலா மெட்டில் ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’, சிங்களம் அறியாத தமிழரையும் சிங்களச் சொற்களைப் பாடவைத்தது.

இதன் காரணம் எளிது. பாடுபவர் அடுத்தவரின் மொழிக்குத் தம் நாவைப் பழக்க வேண்டும். கேட்பவருக்கோ, பாடியவரின் பெயர் தெரியுமுன்பே குரல் மனதில் பதிந்துவிடுகிறது.

ஆனால் பேக்கின் குரலை நேசித்த இதே நாட்டில்தான் 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பாடலை விரும்புகிறவர், பாடியவரின் சமூகத்தையும் விரும்புவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பாட்டு கேட்பதற்கு எதையும் இழக்க வேண்டியதில்லை. அயலவருக்காக முன்னே வந்து நிற்பதற்குத் துணிவு வேண்டும்.

அதற்காக அந்தப் பாலம் வீணென்று நான் கருதவில்லை. பாலம் தானாக எவரையும் அக்கரை சேர்ப்பதில்லை. நாம்தான் நடக்க வேண்டும். பேக் செய்ததில் நமக்கு உடனே கைகூடக்கூடியது ஒன்று உண்டு: அடுத்தவரின் மொழியை நாவில் பழக்குவது. இரண்டாம் மொழிப் பாடத்தைப் பரீட்சைப் புள்ளிகளுக்காக மட்டும் படிக்கும் நாம், பக்கத்து வீட்டாரோடு பேசுவதற்காகவும் படித்தால் என்ன, தோழியரே?