மூடியில்லாத ஸாண்ட்விச்

ஒரு பொருளுக்கு லக்ஷணம் வகுக்குங்கால், அது அப்பொருள் முழுவதையும் தழுவ வேண்டும். பிற பொருளைத் தழுவலாகாது என்பது தர்க்க சாஸ்திர விதி. இவ்விதி ரொட்டித் துண்டிற்கும் உரியது என்று நாம் கூறினால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் சற்றுப் பொறுமையுடன் கேட்பார்களாக.

இரு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே யாதேனும் உணவுப் பண்டத்தை வைத்தால் அது ஸாண்ட்விச். மேல் துண்டை நீக்கிவிட்டால் திறந்த ஸாண்ட்விச் என்பர். அப்படியாயின், காலையில் வெண்ணெய் தடவி உண்ணும் வெறும் ரொட்டியும் திறந்த ஸாண்ட்விச்தானோ? துண்டுகளை எண்ணிவிட்டால் லக்ஷணம் அமைந்துவிடாது என்பது இதனால் விளங்கும்.

இவ்வுணவை ஒரு கலையாகவே வளர்த்திருப்பவர்கள் டென்மார்க் தேசத்தார். அவர்கள் வழங்கும் பெயர் 'ஸ்மோர்ப்ரோட்'. வெண்ணெயும் ரொட்டியும் என்பதே அதன் பொருள். ரை என்னும் தானியத்தாற் செய்த, கறுத்து இறுகிய ரொட்டியை மெல்லிதாக நறுக்கி, விளிம்புவரை வெண்ணெய் பூசுவார்கள். மேலே வரும் பண்டத்தின் ஈரம் ரொட்டியில் இறங்காமல் அவ்வெண்ணெய் காக்கிறது. பிறகு, காடியில் ஊறிய ஹெர்ரிங் மீனோ, வெந்த முட்டையோ, உருளைக்கிழங்கோ ரொட்டி மறையும்படி அடுக்கப்படும். கத்தியும் முட்கரண்டியும் கொண்டே உண்பர். முதலில் ஹெர்ரிங், கடைசியில் பாற்கட்டி என்ற வரிசையும் உண்டு. இங்கே ரொட்டி பண்டத்தைத் தாங்கும் பீடமாக நிற்கிறது. இத்தொழிலே இதற்கு உற்ற லக்ஷணம் என்று நாம் கருதுகிறோம்.

துண்டுகளை எண்ணுவதால் நேரும் விபரீதத்திற்கு அமெரிக்கா சான்று பகர்கிறது. அந்நாட்டுக் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் 2004-ஆம் ஆண்டில் ஒரு விந்தையை எடுத்துக் காட்டிற்று. பொட்டலமாக விற்கும் மாமிச ஸாண்ட்விச்சில் ஒரே துண்டு ரொட்டி இருந்தால் அதைப் பரிசோதிப்பது விவசாய இலாகா. இரண்டு துண்டு இருந்தால் உணவு மருந்து நிர்வாக இலாகா. முதல் வகையை மொத்தமாகச் செய்து வெளி ராஜ்யங்களுக்கு அனுப்பும் ஆலைகளில் தினந்தோறும் பரிசோதனை. இரண்டாம் வகை ஆலைகளிலோ அப்போது சராசரி ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறையே நடந்தது! இரண்டிலும் உள்ள மாமிசம் ஒன்றே. கெட்டால் விளையும் தீங்கும் ஒன்றே.

மேலே ஒரு துண்டு ரொட்டியை வைத்ததும் ஆபத்து அகன்றுவிடுமோ? ஜனங்களின் நலங்கருதிச் சட்டம் இயற்றும் எத்தேசத்தாரும் இதை எண்ணிப் பார்ப்பது நன்று. உண்பவன் வயிறு துண்டுகளை எண்ணுவதில்லை.