பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் சேஸிஸ் நம்பரைப் பாருங்கள்!

பிசான அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வரும்போதுதான் பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் பக்கம் பழைய வண்டிகளும் கைமாறும். வாழைத்தார் கொண்டுபோக, உர மூட்டை ஏற்ற, குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போக, அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட என எல்லாவற்றுக்கும் ஒரே வண்டியாக இருக்கட்டும் என்று பொலிரோ, ஸ்கார்பியோ, டவேரா, பிரெஸ்ஸா மாதிரியான வண்டிகளைத் தேடுகிறோம்.

வாங்கும்போது என்ன பார்ப்போம்? டயரைப் பார்ப்போம். பெயின்டைப் பார்ப்போம். எஞ்சின் சத்தத்தைக் கேட்போம். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விசாரிப்போம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. "இந்த மாடலைக் கம்பெனி எப்போதாவது திரும்ப அழைத்ததா? அழைத்திருந்தால், இந்த வண்டியில் அந்த வேலை முடிந்துவிட்டதா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளப் பணம் செலவில்லை. கேட்காமல் விட்டால் வரும் செலவு ஒரு போக விளைச்சலையே விழுங்கிவிடலாம். பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட குறை என்றால் உயிருக்கே ஆபத்து.

ரீகால் என்றால் என்ன?

ஒரு மாடலில் தயாரிப்பிலேயே குறை இருப்பது தெரிந்தால், குறிப்பிட்ட தேதியில் இருந்து குறிப்பிட்ட தேதி வரை செய்த வண்டிகளை எல்லாம் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அழைக்கும். அந்தப் பாகத்தைச் சோதித்து, தேவைப்பட்டால் இலவசமாக மாற்றிக் கொடுக்கும். இதுதான் ரீகால், அதாவது திரும்ப அழைத்தல்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, ரீகால் வண்டியைச் சேர்ந்தது என்பதை. முதல் உரிமையாளருக்கு மட்டும் உள்ள சலுகை அல்ல அது. வண்டி மூன்று கை மாறியிருந்தாலும், அந்த வேலை செய்யப்படாமல் இருந்தால் நீங்கள் கொண்டுபோய்க் கேட்கலாம்.

இந்தியாவில் 2012 ஜூலையில் வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான சியாம், தானாக முன்வந்து திரும்ப அழைப்பதற்கான நடைமுறையைக் கொண்டுவந்தது. அப்போது அதற்குச் சட்டக் கட்டாயம் இல்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 110ஏ என்ற பிரிவைச் சேர்த்த பிறகுதான், வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடைத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

டவேரா தரும் பாடம்

நம் ஊர்ப் பக்கம் டாக்ஸி ஸ்டாண்டுகளில் ஒரு காலத்தில் நிறைய நின்ற வண்டி செவர்லே டவேரா. 2013 ஜூலையில், 2005 முதல் 2013 வரை தயாரான சுமார் 1,14,000 டவேரா வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா அறிவித்தது. காரணம், புகை அளவும் மற்ற சில விவரங்களும் விதிப்படி இல்லை என்பது. சோதனைக்குப் போகும் வண்டிகளில் புகை குறைவாகக் கக்கும் எஞ்சின்களாகப் பார்த்துப் பொருத்தியதை நிறுவனமே அரசிடம் ஒப்புக்கொண்டது. ஊழியர்கள் சிலர் வேலையை இழந்தார்கள். மத்திய அரசு குழு அமைத்து விசாரித்தது.

பிறகு 2017-ஆம் ஆண்டு முடிவோடு அந்த நிறுவனம் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது. சர்வீஸும் உதிரி பாகங்களும் தொடர்ந்து கிடைக்கும் என்று அப்போது அறிவித்தார்கள். ஆனாலும் கடை மூடிய கம்பெனியின் வண்டிக்கு ரீசேல் விலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, எட்டு ஆண்டுகள் விற்ற வண்டியில்கூடக் குறை பிற்பாடு வெளிவரலாம். இரண்டாவது, எல்லா ரீகாலும் உயிர் ஆபத்துக்காக வருவதில்லை. டவேரா விஷயம் புகை சம்பந்தப்பட்டது. அதனால் ரீகால் என்றதும் பயந்து ஓட வேண்டாம், எதற்காக என்று கேளுங்கள். மூன்றாவது, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் முன், அந்த மாடலுக்கு இன்றைக்குத் திருநெல்வேலியில் சர்வீஸும் பாகமும் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். 15 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டி என்றால், ஆர்.சி.யைப் புதுப்பிக்க எஃப்.சி. வேண்டும். அதில் புகையும் பார்ப்பார்கள்.

வாய்க்கால் பாசனப் பகுதிக்கு முக்கியமான ஒரு ரீகால்

2021 செப்டம்பரில் மாருதி சுசூகி 1,81,754 பெட்ரோல் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்.எல்.6 ஆகிய மாடல்களில் 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரானவை இவை. மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் என்ற மின் பாகத்தைச் சோதித்து, தேவைப்பட்டால் மாற்றுவதற்காக அழைத்தார்கள். அதுவரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்ட வேண்டாம், மின் பாகங்கள் மேல் நேரடியாகத் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்றும் அறிவுறுத்தினார்கள்.

கன்னடியன் கால்வாய்க் கரையில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை யோசித்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்காத ரோடு எத்தனை இருக்கிறது? சேறு போக பம்புசெட் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத்தானே வண்டி கழுவுகிறோம்? மேலே சொன்ன தேதிகளுக்குள் தயாரான பெட்ரோல் எர்டிகாவோ பிரெஸ்ஸாவோ உங்களிடம் வந்தால், இந்த வேலை முடிந்ததா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

புது மாடலுக்கு ஓர் உதாரணம். 2021 ஜூன் 8 முதல் 2023 ஜூன் 28 வரை தயாரான 1,08,306 எக்ஸ்.யு.வி.700 வண்டிகளில், எஞ்சின் பகுதி ஒயரிங்கைச் சோதிக்க வேண்டும் என்று மஹிந்திரா 2023 ஆகஸ்டில் அறிவித்தது. ஒயர் உரசி வெட்டுப்பட வாய்ப்பு இருக்கிறது என்பதே காரணம். இந்த வண்டிகளும் இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வருகின்றன.

எது வண்டியின் குறை? எது பராமரிப்பின் குறை?

"அந்த வண்டியா? வாங்காதே. என் மச்சான் வாங்கி அவதிப்பட்டான்" என்று ஒருவர் சொல்வார். "பத்து வருஷமா வச்சிருக்கேன், ஒரு தொந்தரவும் இல்லை" என்பார் இன்னொருவர். யாரை நம்புவது?

இதைப் பயிரை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஒரு வயலில் மட்டும் நெல் மஞ்சளடித்தால் மண்ணையும் உரத்தையும் தண்ணீரையும் சந்தேகப்படுவோம். அதே லாட் விதை போட்ட பத்து பேர் வயலிலும் ஒரே மாதிரி கலப்பு தெரிந்தால் விதையைத்தான் சந்தேகப்படுவோம். வண்டியும் அப்படித்தான். ஒரே மாடலில், ஏறக்குறைய ஒரே கிலோமீட்டரில், ஒரே பாகம் பலருக்கும் போகிறது என்றால் அது தயாரிப்புக் குறையாக இருக்கலாம். ஒருவருக்கு மட்டும் கிளட்ச் போனது என்றால் ஓட்டிய விதமாக இருக்கலாம்.

அதனால் ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். அந்த மாடலை வைத்திருக்கும் நான்கைந்து பேரிடமும், அதை அடிக்கடி வேலை பார்க்கும் மெக்கானிக்கிடமும் கேளுங்கள். "வண்டி எப்படி?" என்று கேட்காமல், "எந்தப் பாகம் போனது, எத்தனை கிலோமீட்டரில் போனது, எவ்வளவு செலவானது?" என்று கேளுங்கள்.

ஓட்டும் விதத்தால் வரும் குறைக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளின் புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் ஒன்று உண்டு. வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். வீட்டில் இருந்து வயல், வயலில் இருந்து கடைவீதி என்று சின்னச் சின்னத் தூரமே ஓடினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், மீட்டரில் விளக்கு எரியும், வண்டி இழுக்காது. உங்கள் ஓட்டம் அநேகமாகச் சின்னத் தூரம்தான் என்றால், பி.எஸ்.6 டீசல் வாங்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பேய்மழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. அன்று தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். அவற்றைக் கழுவித் துடைத்துப் பாலிஷ் போட்டுவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. நீங்கள்தான் உள்ளே பார்க்க வேண்டும்.

* சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வண்டல் கோடு இருந்தால் சந்தேகப்படுங்கள்.
* காலடி மிதியைத் தூக்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் மண் படிவும் ஈர வாடையும் இருக்கிறதா பாருங்கள்.
* சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள்.
* ஸ்டெப்னி வைக்கும் இடத்தையும் ஃபியூஸ் பெட்டியையும் திறந்து பாருங்கள்.
* ஹெட்லைட்டுக்குள் நீராவி படிந்திருக்கிறதா பாருங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

1. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தும் எண்ணுமாக 17 இருக்கும். வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். சுரண்டியோ வெல்டிங் வைத்தோ இருந்தால் வண்டி வேண்டாம்.

2. அந்த நம்பரைக் கம்பெனி இணையதளத்தின் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு நேரில் போய், "இந்த நம்பருக்கு ரீகால் வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

3. அங்கேயே பழைய சர்வீஸ் விவரங்களையும் கேளுங்கள். கடைசி சர்வீஸில் 1,40,000 கிலோமீட்டர் என்று பதிவாகி, இப்போது மீட்டரில் 80,000 காட்டினால் திருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

4. எம்பரிவாஹன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டு, எஃப்.சி., இன்சூரன்ஸ், கடன் விவரங்களைப் பாருங்கள். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம்.

5. ரீகால் வேலை பாக்கி இருந்தால், விற்பவரே அதை முடித்துத் தரட்டும். வேலை முடிந்த ஜாப் கார்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பின் பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள்

படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் பழைய உரிமையாளர் பெயரிலேயே ஓட்டுவது நம் ஊரில் சகஜம். இதனால் வரும் நஷ்டங்களில் ஒன்று, ரீகால் கடிதமும் போனும் பழைய முகவரிக்கே போவது. உங்களுக்குத் தகவலே வராது. ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயரை மாற்றுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் பதிவு செய்யுங்கள்.

விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு. விபத்து நடந்தால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

புகாரை எழுத்தில் கொடுங்கள்

புதிய விதிகளின்படி, 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளில் ஒரே மாதிரிக் குறை பற்றிக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால், அரசு விசாரித்து ரீகாலுக்கு உத்தரவிடலாம். அரசு கட்டாயப்படுத்தும் நிலை வந்தால் கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

நகரத்துக்காரர்கள் எழுதிப் போடுகிறார்கள். நாமோ டீக்கடையில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தப் புகார் கணக்கில் சேராது. உங்கள் வண்டியில் பிரேக், ஸ்டீயரிங், டீசல் கசிவு, ஒயர் கருகல் போன்ற குறை வந்தால், முதலில் சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டில் எழுத வையுங்கள். பிறகு பரிவாஹன் இணையதளத்தின் ரீகால் பகுதியில் பதிவு செய்யுங்கள். இணையம் பழக்கம் இல்லை என்றால் வீட்டுப் பிள்ளைகளையோ இ-சேவை மையத்தையோ உதவிக்குக் கேளுங்கள்.

வியாபாரி ஏமாற்றினாலோ, ரீகால் வேலைக்குக் காசு கேட்டாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். குறை நடந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். அதற்கு ரசீது அவசியம். ஆகவே வியாபாரியிடம் வாங்கும்போது வாய் வார்த்தையோடு விட்டுவிடாமல், வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், கிலோமீட்டர், விலை எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்காமல், சுழி பார்க்காமல், நாலடி நடக்கவிட்டுப் பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டோம். வண்டிக்குப் பார்க்க வேண்டிய முதல் சுழி அந்த 17 இலக்க சேஸிஸ் நம்பர்தான். அதைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.