பல் வைத்தியமும் பாலர் மனமும்

பல் வைத்தியரின் நாற்காலி என்றதும் முதியோரே முகஞ்சுளிப்பர். ஐந்து வயதுப் பாலனின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? அவன் அஞ்சுவது நோவுக்கு மட்டுமன்று. முகத்தை மறைத்த அந்நியர், கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, துளைகருவியின் கீச்சொலி, பேசவியலாது வாயைத் திறந்தபடி கிடத்தல் ஆகிய அனைத்துக்கும் அஞ்சுகிறான். போதாக்குறைக்கு, "குழப்படி செய்தால் ஊசி போடுவிப்பேன்" என்று வீட்டிலுள்ளோர் முன்னரே ஊட்டிவைத்த பயமும் உண்டு.

இதனைச் சிறுபிள்ளைத்தனமென்று தள்ளிவிடலாகாது. ஏறத்தாழ ஆறாம் வயதில், பாற்பற்களுக்குப் பின்னே முளைக்கும் கடைவாய்ப்பல் ஆயுள் முழுவதும் நிலைக்கவேண்டியது. பெற்றோர் பலர் அதனையும் விழுந்து முளைக்கும் பல்லென்றே கருதிவிடுகின்றனர். முதல் நாளில் மிரண்ட பிள்ளை மறுமுறை வர மறுப்பின், சூத்தை அப்பல்லின் உட்புறம்வரை செல்ல இடமேற்படும். நியூசிலாந்தில் 1921ஆம் ஆண்டு தொடங்கிய பாடசாலைப் பற்சேவை பிறநாடுகளுக்கு வழிகாட்டியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்நாடு அளித்த உதவியுடனேயே 1955இல் மகரகமவில் பாடசாலைப் பற்சிகிச்சையாளரைப் பயிற்றும் பள்ளி அமைந்தது. அத்துணைச் சிறந்த சேவையின் நிலையங்களுக்கு அந்நாட்டுச் சிறுவர் இட்ட பெயர் 'கொலைவீடு'!

அச்சத்தைத் தணிக்கும் வழிகளுள் ஒன்று மனத்தை வேறிடம் திருப்புவது. 1959இல் அமெரிக்காவில் கார்ட்னர் என்னும் பல் வைத்தியரும் லிக்லைடர் என்னும் உளநூலாரும், காதிலணியும் கருவி மூலம் இசையையும் அருவி வீழ்வது போன்ற இரைச்சலையும் நோயாளரைக் கேட்கச் செய்தனர். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு நோயாளியின் கையிலேயே இருந்தது. பலர் நோவின்றிச் சிகிச்சை பெற்றனர் என அவர்கள் அறிவித்தனர். 1963இல் மெல்சாக் என்பாரும் துணைவரும் குளிர்நீர் தரும் நோவைக் கொண்டு இதனைச் சோதித்தனர். உரத்த ஒலி தனித்துப் பயன்தரவில்லை. 'இது நோவைத் தணிக்கும்' என்ற வலுவான உறுதிமொழியும் தனித்துப் பயன்தரவில்லை. இரண்டும் சேர்ந்தபோதே பொறுக்கும் ஆற்றல் மிகுந்தது.

பிள்ளைகளின் திறத்திலும் இவ்வாறே கொள்ளலாம். பொம்மையொன்றை முன்னே ஆட்டுவதனால் மட்டும் மனம் திரும்பிவிடாது; நம்பிக்கைக்குரிய ஒருவர் சொல்ல, பிள்ளைக்கு ஒரு வேலையும் வேண்டும். இடக்காலின் பெருவிரலை மட்டும் அசைக்கச் சொல்லலாம். அது தோன்றுமளவு எளிதன்று. கதையை நடுவில் நிறுத்தி, நரி எவ்வழி ஓடிற்றென்று கையாற் காட்டச் சொல்லலாம். ஊசி ஏறும் வேளையில் வைத்தியர் கன்னத்தை மெல்ல அசைப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இந்நாளில் நாற்காலிக்கு மேலே படத்திரை பொருத்துவோரும் உளர். நன்றே, ஆயின் பிள்ளை எப்பொழுது நடுங்குகிறதென்பதைத் திரை அறியாது.

"நோகாது, நோகாது" என்று பன்முறை ஓதும் தாய், நோவையே நினைப்பூட்டுகிறாள். நொந்துவிட்டாலோ, அடுத்த சொல்லைப் பிள்ளை நம்பாது. அடெல்ஸ்டன் என்பார் 1959இல் எழுதிய 'சொல்லுக, காட்டுக, செய்க' என்னும் முறை இங்கு உதவும். கருவியின் பெயரை எளிய மொழியிற் சொல்லி, விரல் நகத்தில் அதனைச் சுழற்றிக் காட்டி, பின்னரே பல்லில் வைப்பது அம்முறை. விறைப்பூசி வேண்டிய இடத்தில் அதற்கீடாகக் கதை சொல்வது மட்டும் தகாது.

கையை உயர்த்தினால் வேலையை நிறுத்துவதென்று முன்கூட்டியே உடன்படிக்கை செய்துகொள்ளும் வைத்தியரும் உளர். முதன்முறை பிள்ளை கையை உயர்த்துவது பெரும்பாலும் சோதித்துப் பார்ப்பதற்கே. அப்பொழுதும் அவர் நிறுத்தியே ஆகவேண்டும்.