ஓட்டப் பந்தயமும் உள்ளப் பயிற்சியும்

விளையாட்டுத் திடலில் கைகளும் கால்களும் மட்டுமே உழைக்கின்றன என்று பலர் எண்ணுகின்றனர். உள்ளமும் அங்கே உழைக்கின்றது. அதனை ஆராயும் துறைக்கு விளையாட்டு உளவியல் என்று பெயர். அதன் அடிப்படைகளை மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் அறிந்திருத்தல் நலம்.

1898ஆம் ஆண்டில் நார்மன் டிரிப்லெட் என்னும் அமெரிக்க அறிஞர் ஓர் ஆய்வினை வெளியிட்டார். மிதிவண்டி வீரர்கள் தனியே ஓட்டுவதைவிடப் பிறரோடு போட்டியிடும்போது விரைந்து செல்வதை அவர் கண்டார். பின்னர், தூண்டில் நூல் சுற்றும் உருளையை 40 சிறுவர்களிடம் கொடுத்துச் சுற்றச் செய்தார். போட்டியென்று வந்ததும் 20 பேர் விரைந்தனர். 10 பேரிடம் மாற்றம் ஏதுமில்லை. எஞ்சிய 10 பேரோ பின்தங்கினர். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். வெல்ல வேண்டும் என்னும் துடிப்பு அளவு கடந்ததனால் கை தடுமாறிற்று.

நன்கு பழகிய செயல் பிறர் பார்க்கும்போது சிறக்கும். பழகாத செயல் தடுமாறும் என்று 1965ஆம் ஆண்டில் ராபர்ட் ஜயோன்ஸ் என்னும் அறிஞர் விளக்கினார். சுங்கை ஊடாங் வட்டாரத்தில் பால் மரம் வெட்டிய பெரியோர்க்கு இது புதுமையன்று. கங்காணி அருகில் நின்றால், தேர்ந்தவர் கை பிசகாது. புதியவர் கத்தியோ மரத்தைக் காயப்படுத்திவிடும்.

பந்தயக் கோட்டில் நிற்கும்போது நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிறு கலங்கும். இது கோழைத்தனம் அன்று. அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலந்து, உடலை ஓட்டத்திற்கு ஆயத்தம் செய்கின்றது. இத்துடிப்பு சிறிதும் இல்லாவிடில் கால் எழாது. மிகுந்துவிடின் கால் பின்னும். அளவோடு இருத்தலே வேண்டுவது.

அதற்கு மூன்று பயிற்சிகள் உள. முதலாவது, மூச்சை மெல்ல உள்ளிழுத்து, அதனினும் மெல்ல வெளிவிடுதல். இரண்டாவது, புறப்படுவது முதல் எல்லைக் கோட்டைக் கடப்பது வரை ஓட்டம் முழுவதையும் கண்மூடி மனத்தில் ஓடிப் பார்த்தல். மூன்றாவது, 'அவனை வெல்வேன்' என்பதை விடுத்து, 'என் சென்ற வார நேரத்தைக் குறைப்பேன்' என்று இலக்கு வகுத்தல். பிறர் வேகம் நம் கையில் இல்லை. நம் முயற்சியோ நம்முடையது.

மலேசியச் சுவர்ப்பந்து வீராங்கனை எஸ். சிவசங்கரி, 2022 ஜூன் மாதத்தில் சாலை விபத்தில் சிக்கிக் கழுத்தெலும்பு முறிவுற்றார். அவ்வாண்டுக் காமன்வெல்த் போட்டியில் அவரால் கலந்துகொள்ள இயலவில்லை. எனினும் 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசியப் போட்டியின் தனியர் தங்கத்தை வென்றார். 2024 ஏப்ரலில் லண்டன் கிளாசிக் பட்டத்தையும் பெற்றார். உடல் தேறினால் மட்டும் போதாது. உள்ளமும் எழுந்தாலன்றி இது கைகூடுமோ?

பெற்றோர்களே! திடலோரத்தில் நீங்கள் கூறும் சொல் பிள்ளையின் உள்ளத்தில் பதிகின்றது. 'தோற்றால் வீட்டுக்கு வராதே' என்னும் சொல் காலைக் கட்டிப்போடும்; 'பழகியதைச் செய், கண்ணே' என்னும் சொல் காலுக்கு வலிமை தரும். கடைசியாக ஓடி வந்த பிள்ளையையும் தட்டிக்கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு அப்பிள்ளை மீண்டும் கோட்டில் வந்து நிற்பது அதனைப் பொறுத்தே அமையும்.