ஜீப்புக்கு டீசல் எஞ்சின் பொருத்தினால்...

கரடுமுரடான பாதைகளில் ஓடும் ஜீப்பின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்துவது பல நாடுகளின் பட்டறைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் வேலை. எரிபொருள் செலவு குறையும், மேட்டில் இழுவை கூடும் என்பவையே காரணங்கள். முன்பெட்டியில் இடம் இருந்தால் போதும், நான்கு போல்ட்டுகளை முடுக்கினால் வேலை தீர்ந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால் எஞ்சின் தனித்து நிற்கும் பொருள் அன்று. கிளச், கியர்ப்பெட்டி, அச்சுகள், பிரேக் ஆகிய அனைத்தும் பழைய எஞ்சினின் குணத்தை ஒட்டிக் கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. குணம் மாறினால் கணக்கும் மாற வேண்டும். அந்தக் கணக்கை ஓர் உண்மையான வண்டியை வைத்தே பார்ப்போம்.

ஒரே வண்டி, இரண்டு எஞ்சின்கள்

அமெரிக்காவில் 1950-களில் வெளிவந்த சிஜே-5 ஜீப்பில் 'ஹரிக்கேன்' என்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. அதன் கொள்ளளவு சுமார் 2,200 கன சென்டிமீட்டர். 1961 முதல் அதே வண்டி இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினுடனும் கிடைத்தது. இதன் கொள்ளளவு சுமார் 3,150 கன சென்டிமீட்டர். வேகமாகச் சுழலும் சிறிய டீசல் எஞ்சின்களைத் தயாரிப்பதற்காக 1932-இல் பீட்டர்பரோ நகரில் தொடங்கப்பட்ட நிறுவனம் பெர்க்கின்ஸ். சென்னை சிம்ப்சன் நிறுவனம் அதன் உரிமம் பெற்று 1950-களிலேயே இங்கு எஞ்சின்களைத் தயாரித்ததால், இப்பெயர் நம் பட்டறைகளுக்கும் பழக்கமானதே.

பெட்ரோல் எஞ்சினின் திறன் நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளில் சுமார் 72 குதிரைத்திறன். டீசல் எஞ்சினின் திறனோ 3,000 சுற்றுகளில் 62 குதிரைத்திறன்தான். கொள்ளளவு கூடியும் திறன் பத்து குறைந்துவிட்டது! அப்படியானால் மாற்றியதில் நட்டமா? இல்லை. இங்கே நாம் கவனிக்க வேண்டிய எண் வேறு.

முறுக்குவிசை

சக்கரத்தைத் திருப்புவது முறுக்குவிசை. ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் திருகலை ஒரு கிலோகிராம்-மீட்டர் என்கிறோம். பெட்ரோல் எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 2,000 சுற்றுகளில் சுமார் 16 அலகு. டீசல் எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 1,350 சுற்றுகளிலேயே சுமார் 20 அலகு. முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதே திறன். ஆகவே மெதுவாகச் சுழலும் எஞ்சின் வலுவாகத் திருகினாலும் அதன் குதிரைத்திறன் குறைவாக இருக்கக்கூடும்.

இதற்குக் காரணம் எஞ்சினின் இயல்பிலேயே இருக்கிறது. இத்தகைய பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக அழுத்தப்பட்டு, தீப்பொறியால் பற்றவைக்கப்படுகிறது. டீசல் எஞ்சினில் வெறும் காற்று மட்டும் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவாக அழுத்தப்படுகிறது. அதனால் அதன் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டுகிறது. அதில் பீச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. அழுத்தம் மிகுதியாவதால் வெப்பத்தில் பெரும் பங்கு வேலையாக மாறுகிறது. அதே அழுத்தத்தைத் தாங்க உறுப்புகள் கனமாக இருக்க வேண்டும். கனமான உறுப்புகள் மிக வேகமாக ஓட முடியாது.

வேகம் எங்கே போயிற்று?

இனிக் கணக்குக்கு வருவோம். இந்த ஜீப்பின் அச்சில் உள்ள பல்சக்கர விகிதம் 5.38. அதாவது, மேல் கியரில் எஞ்சின் 5.38 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். அதன் டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 455 முறை உருளும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். எனவே அவ்வேகத்தில் எஞ்சின் 455 x 5.38, அதாவது சுமார் 2,450 முறை நிமிடத்துக்குச் சுற்ற வேண்டும். 4,000 சுற்றுகள் வரை போகும் பெட்ரோல் எஞ்சினால் வண்டி 98 கிலோமீட்டர் வேகத்தை எட்டலாம். 3,000 சுற்றுகளில் நின்றுவிடும் டீசல் எஞ்சினால் 73 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. எஞ்சினை மட்டும் மாற்றியவர்கள், வண்டி கத்துகிறது, ஆனால் ஓடவில்லை என்று குறைப்படுவது இதனால்தான்.

இதற்குத் தீர்வு அச்சில் இருக்கிறது. பிற்கால ஜீப்களில் வந்த 4.27 விகிதப் பல்சக்கரங்களைப் பொருத்தினால், அதே 3,000 சுற்றுகளில் வேகம் சுமார் 92 கிலோமீட்டராக உயரும். மேட்டில் இழுவை குறைந்துவிடாதா? அதையும் பார்ப்போம். முதல் கியர் 2.8 மடங்கு, துணைக் கியர்ப்பெட்டி 2.46 மடங்கு, அச்சு 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 37. பெட்ரோல் எஞ்சினின் 16 அலகு இப்படி 592 ஆகிச் சக்கரங்களுக்குப் போகிறது (உராய்வு இழப்பை இங்கே சேர்க்கவில்லை). அச்சை 4.27 ஆக்கினால் மொத்தப் பெருக்கம் 29.4. டீசலின் 20 அலகு 588 ஆகிறது. ஆக, இழுவை ஏறக்குறைய அதேதான். வேகத்தில் சிறு குறைவு. ஆனால் எஞ்சின் மெதுவாக, குறைந்த எரிபொருளில் ஓடுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயலும். இறுகிய தரையில் தண்டோ பல்சக்கரமோ உடைவது உறுதி.

மறந்துவிடும் பொருள்கள்

டீசல் எஞ்சின் கனமானது. முன் விற்சுருள்கள் அதைத் தாங்க வேண்டும். அதன் அதிர்வு முரட்டுத்தனமானது. தாங்கு ரப்பர்கள் அதற்கேற்றவையாக இருக்க வேண்டும். கிளச் கூடுதல் முறுக்குவிசையில் வழுக்கக் கூடாது. இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசல் தொட்டிக்குத் திரும்ப ஒரு குழாய் வேண்டும். டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் அவசியம். இவ்வகை எஞ்சினில் சாவியைத் திருப்பிப் பொறியை நிறுத்துவது நடக்காது. பொறியே இல்லையே! டீசலை அடைக்கும் நிறுத்துகோல் ஒன்று ஓட்டுநர் கைக்கு எட்ட வேண்டும்.

தீப்பொறி அமைப்பு இல்லாததால் ஓடையைக் கடக்கையில் அது நனைந்து எஞ்சின் நிற்கும் தொல்லை இல்லை. ஆனால் காற்றுக்குழாய் வழியே தண்ணீர் புகுந்தால் ஆபத்து. தண்ணீர் அழுங்காது, பிஸ்டனை இணைக்கும் தண்டே வளைந்துவிடும்.

இறக்கத்தில்தான் சோதனை

ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உயிர் போவது இறக்கத்தில். பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்ததும் காற்றுக்கதவு மூடிக்கொள்கிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சத் திணறுகிறது. அந்தத் திணறலே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் அந்தக் கதவு இல்லை. அதிக அழுத்தம் வண்டியை நன்றாகப் பிடிக்கும் என்று நினைப்பது தவறு. அழுத்தப்பட்ட காற்று வில்லைப் போல விரிந்து, வாங்கிய வேலையில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. கனரக டீசல் லாரிகளில் புகைபோக்கியை அடைக்கும் தனி பிரேக் வைப்பது இதனால்தான். அச்சு விகிதத்தை 5.38-இலிருந்து 4.27-க்குக் குறைத்திருந்தால் பிடிப்பு இன்னும் தளரும்.

காற்றுக்கதவு இல்லையென்றால் அதன் பின்னே உண்டாகும் வெற்றிடமும் இல்லை. அந்த வெற்றிடத்தால் இயங்கும் பிரேக் துணையமைப்பு வண்டியில் இருந்தால், அது செயலற்றுப் போகும். அதற்கென ஒரு வெற்றிடப் பம்பைச் சேர்க்காமல் வண்டியை மலைப்பாதையில் இறக்குவது, பிரேக்கின் பாதி வலுவைப் பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போவதற்கு ஒப்பாகும்.

எரிபொருளின் வகையும் எஞ்சின் எண்ணும் வண்டியின் பதிவுச் சான்றில் இருப்பவை. எனவே நம் நாட்டில் பதிவு அதிகாரியின் அனுமதி பெற்ற பின்னரே இவ்வேலையைத் தொடங்க வேண்டும். எஞ்சினை இறக்கி ஏற்றுவது பட்டறை வேலை. அதற்கு முன் தாளும் பென்சிலும் எடுத்துச் சக்கரம் வரை கணக்குப் போட்டுப் பார்ப்பது உரிமையாளரின் வேலை.